மூன்றாவது நிழல்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் நம்பாமல் இருப்பதற்கு முன்னால் ஒரு தடவை எங்கள் முக்கூட்டுக்கு வந்து, உச்சிவெயில் சாய்ந்து நிழல் நீளத் தொடங்குகிற நேரத்தில், நடுத்தெருவில் எங்களோடு நின்று தங்கள் காலடியைக் குனிந்து பார்த்துவிட்டுப் போகட்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

முக்கூட்டு என்றால் மூன்று தெருக்கள் முட்டுகிற இடம். கடலிலிருந்து ஏறி வருகிற கடல் தெரு, உப்பளத்திலிருந்து வருகிற உப்புத் தெரு, ஓடையை ஒட்டி வளைந்து வருகிற ஓடைத் தெரு, இந்த மூன்றும் வந்து முட்டி, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கிற முக்கோணம்தான் எங்கள் ஊர், ஊருக்குப் பெயரும் அதுதான். வடக்கே போகிற ரோட்டில் சவுக்குத் தோப்பைத் தாண்டினால் அரசாங்கம் கட்டிய ஆராய்ச்சிக் கூடம். வாசலில் இருக்கிற பலகையில் அதற்கு நீளமாக ஒரு பெயர் எழுதியிருக்கிறது. எங்கள் வாயில் அது வட்டக் கட்டடம்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. அடுத்தடுத்த வீடுகள் ஒரே திசையைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு வீட்டு வாசல் கிழக்கே பார்த்தால் பக்கத்து வீட்டு வாசல் மேற்கே பார்க்கும், அதற்கடுத்தது கிழக்கே, அதற்கடுத்தது மேற்கே, இப்படியே தெரு முடிகிற மட்டும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு போகும். எந்தக் காலத்திலோ வாசலுக்கு வாசல் சண்டை முற்றி, வலையை அறுத்து, படகைக் கொளுத்தி, கடைசியில் மூன்று தெருப் பெரியவர்களும் கூடி வைத்த ஏற்பாடு அது. வைத்ததிலிருந்து யாரும் யாரையும் வெட்டவில்லை, அந்த மட்டும் நல்லது.

நேராகப் போகிற தெருவில் இந்த வழக்கத்துக்கு ஒரு குறையும் இல்லை. முக்கில்தான் சிக்கல். அங்கே மூன்று வீடுகள், ஒவ்வொன்றும் மற்ற இரண்டுக்கும் பக்கத்து வீடு. கடல் தெரு முனையில் என் வீடு கிழக்கே பார்க்கிறது. உப்புத் தெரு முனையில் கஸ்தூரியின் வீடு மேற்கே பார்க்கிறது. ஓடைத் தெரு முனை வீடு எதைப் பார்ப்பது? கிழக்கே பார்த்தால் என்னோடு ஒன்றாகிவிடும், மேற்கே பார்த்தால் கஸ்தூரியோடு ஒன்றாகிவிடும். அதனால் அந்த வீட்டுக்கு மட்டும் இரண்டு வாசல், இரண்டு கதவு. அமாவாசையிலிருந்து பௌர்ணமி வரைக்கும் மேற்குக் கதவு திறந்திருக்கும், அப்போது கஸ்தூரி அந்த வீட்டோடு பேச மாட்டாள். பௌர்ணமியிலிருந்து அமாவாசை வரைக்கும் கிழக்குக் கதவு, அப்போது நான் பேசக் கூடாது. அந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் என் கூடப் பிறந்த தங்கச்சி ஏகவள்ளி. இருந்தாலும் தேய்பிறையில் அவள் யாரோ, நான் யாரோ.

அந்த இரட்டைக் கதவு வீட்டில் ஏகவள்ளிக்குப் பிறந்தவள்தான் எங்கள் சுகந்தி. சின்னப் பிள்ளையில் ஒரு நாள், கதவு மாற்றுகிற அன்று, தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஊர்ல யாருக்குமே ரெண்டு கதவு இல்ல, நம்ம வீடு மட்டும் தப்பா கட்டிட்டாங்களாம்மா?" என்று கேட்டாள். ஏகவள்ளி அரிசி களைந்துகொண்டே சொன்னாள்:

"தப்பு வீட்டுல இல்லடி. முக்குல இருக்குது."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பெண் படித்தாள் என்று நான் நினைக்கிறேன். படித்தாள், படித்தாள், எங்கெங்கோ போய்ப் படித்துவிட்டு, கடைசியில் சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் வட்டக் கட்டடத்துக்கே வேலைக்கு வந்து சேர்ந்தாள். எங்கள் மூன்று தெருவிலிருந்தும் அந்தக் கேட்டுக்குள் கூடை தூக்கிப் போனவர்கள் உண்டு, கடப்பாரை தூக்கிப் போனவர்கள் உண்டு. கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, காவல்காரன் எழுந்து நிற்க, உள்ளே போனவள் அவள் ஒருத்திதான்.

படகுத் துறையில் நான் ஐஸ் கம்பெனி நடத்துகிறேன். சாயங்காலத்தில் அவள் வந்து கட்டி ஐஸ் மேல் சாக்கைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, தன் வேலையைப் பற்றிச் சொல்லுவாள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு, ஆனாலும் காது நன்றாகக் கேட்கும். கல்லுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத காந்த ஊசிகள் கோடிகோடியாக இருக்கின்றன; சில கல்லில் எல்லா ஊசியும் ஒரே பக்கம் பார்க்கும்; சில கல்லில் ஒவ்வொரு ஊசியும் பக்கத்து ஊசிக்கு முதுகைக் காட்டும், நம் தெரு மாதிரி. சூடு இருக்கிற வரைக்கும் ஊசிகள் ஆடிக்கொண்டிருக்கும், குளிர் இறங்க இறங்க அடங்கி, அததற்கு உண்டான திசையில் உறைந்துவிடும் என்றாள்.

"அது எனக்குத் தெரியாதா? குளிர்ந்தா எல்லாம் உட்காரும். தண்ணி உட்காருது, மீன் உட்காருது" என்றேன்.

"உன் ஐஸைக் கொண்டாந்து எங்க கூடத்துல வெச்சா அது வெந்நீர், மாமா" என்று சிரித்தாள். பிறகு குனிந்து ஈர மணலில் விரலால் ஒரு முக்கோணம் போட்டாள். "இப்படி முக்கோணம் முக்கோணமா ஊசி உட்கார்ந்திருக்கிற கல்லு ஒண்ணு இருக்குது. முதல் ஊசி இந்தப் பக்கம், ரெண்டாவது அந்தப் பக்கம். மூணாவது?"

நான் மூன்றாவது மூலையில் விரலை வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

"நம்ம வீடு, மாமா" என்றாள். "கல்லு முழுக்க நம்ம வீடு."

அந்த ஊசிகளை எப்படிப் பார்ப்பாய், கண்ணுக்குத்தான் தெரியாதே என்று கேட்டதற்கு, நியூட்ரான் என்று ஒன்றைச் சொன்னாள். அதற்கு இந்தப் பக்கமும் கிடையாது, அந்தப் பக்கமும் கிடையாது, எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லாத ஆள். அதனால் யாரும் தடுக்க மாட்டார்கள், எந்தச் சுவருக்குள்ளும் நுழைந்துவிடும். ஆனால் அதன் வயிற்றுக்குள்ளும் பொடியாக ஒரு காந்த ஊசி இருக்கிறது. கல்லுக்குள் போய், உள்ளே இருக்கிற ஊசிகளிடம் இடிபட்டு, திசை மாறி வெளியே வரும். வந்து விழுகிற இடத்தை வைத்து உள்ளே யார் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். உள்ளே எல்லாம் அடங்கி வரிசையாக உறைந்திருந்தால், துளைபோட்ட தகரம் வழியாக வெயில் விழுகிற மாதிரி புள்ளி புள்ளியாக விழும். உறையாமல் ஆடிக்கொண்டே இருந்தால், ஈர வலை வழியாக விழுகிற மாதிரி மங்கிப் பரந்து விழும்.

அப்படிப்பட்ட கல் ஒன்றை அவள் உலையில் வைத்து, மாதக்கணக்கில் பக்கத்திலேயே காத்திருந்து வளர்த்தாள். புளியங்கொட்டை அளவு, பாசி படிந்த பச்சை. அது முழுசாக வளர்ந்து வந்த அன்று அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று வீட்டுக்குக் கொண்டு வந்து, இரண்டு கதவுக்கும் நடுவிலே இருக்கிற மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். ஏகவள்ளி அதற்குக் குங்குமம் வைத்தாள். மறுநாள் காலையில் சுகந்தி குங்குமத்தைத் துடைத்துவிட்டுக் கல்லை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். அன்றைக்கு வெயில் ஏறினதிலிருந்து எங்கள் ஊரில் நிழல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

தனியாக நிற்கிறவன் நிழல் எப்போதும் போலத்தான் விழுந்தது. இரண்டு பேர் பேசுகிற தூரத்தில் நின்றால், ஒருத்தர் நிழல் கிழக்கே விழுந்தது, இன்னொருத்தர் நிழல் மேற்கே விழுந்தது, இரண்டில் ஒன்று வெயிலையே பார்த்துக்கொண்டு கிடந்தது. மூன்றாவதாக ஓர் ஆள் வந்து சேர்ந்தால், அவர் நிழல் கிழக்கேயும் போகாமல் மேற்கேயும் போகாமல் காலடியிலேயே கிடந்து, பிடித்துப்போட்ட விலாங்கு மாதிரி துடித்தது. ஆடு மாடு கோழிக்கெல்லாம் வெயில் சொன்ன பக்கமே விழுந்தது. அதுகளுக்குக் கொடுத்து வைத்தது அவ்வளவுதான்.

நிழல் துடிப்பது கண்ணுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அலை பின்வாங்கும்போது காலுக்கடியில் மணல் உருவிக்கொண்டு போகுமே, அந்த மாதிரி உள்ளங்காலில் தெரியும். கொஞ்ச நேரம் என்றால் கிச்சுகிச்சு மூட்டுகிற மாதிரி இருக்கும். அதிக நேரம் நின்றால் கால் வலிக்கும், தலை சுற்றும், நாம் இங்கே நிற்கத்தான் வேண்டுமா என்று மனசே கேட்க ஆரம்பித்துவிடும்.

முதலில் எல்லோரும் வெட்கப்பட்டார்கள். மூன்றாவதாகப் போய் நிற்பதற்கு யாரும் தயாராக இல்லை. பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜோடி ஜோடியாகப் போனார்கள். சீட்டாடுகிறவர்கள் மூன்றாவது கைக்கு ஆள் கிடைக்காமல் சீட்டுக்கட்டையே கடலில் போட்டார்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை நிழல் ஒரு பக்கமும் பெண் நிழல் ஒரு பக்கமும் சௌகரியமாகப் படுத்துக்கொள்ள, நடுவில் ஐயர் நிழல் துடித்த துடிப்பில், ஒரு நாழிகை சொல்ல வேண்டிய மந்திரத்தை அவர் மூச்சு விடாமல் சொல்லி முடித்துத் தட்சணையைக்கூட வாங்காமல் பஸ் ஏறினார். விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் இரண்டு போலீஸ்காரர்களோடு வந்து இறங்கி, எங்களைப் பார்ப்பதற்கு முன்னால் தன் காலடியைப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒழுங்காத்தானே இருக்குது?" என்று எங்களையே கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

அந்த நாட்களில் யாரும் நிற்காத மூன்றாவது இடமெல்லாம் ஏகவள்ளி தலையில்தான் விழுந்தது. இரட்டைக் கதவு வீட்டுக்காரிதானே, பழகினவள்தானே என்று ஊர் விட்டுவிட்டது. "வந்துட்டாடா ஆட்டக்காரி" என்று கஸ்தூரி காது கேட்கச் சொல்லுவாள். கஸ்தூரியின் வாய் உப்பளத்து வெயிலில் காய்ந்த வாய், கிட்டப் போனால் தோல் உரியும்.

ஒரு நாள் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்றோம். வரிசை நேராக நின்றால் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று சீப்புப் பல் மாதிரி நிழல்கள் அமைதியாகக் கிடக்கும், பார்க்கவே அழகாக இருக்கும். ஆனால் கடை வாசலில் வரிசை வளைந்து முட்டுகிற இடத்தில் நான், கஸ்தூரி, ஏகவள்ளி மூன்று பேரும் முக்கோணமாக மாட்டிக்கொண்டோம். கடைக்காரன் பூட்டின கதவைத் திறக்கவேயில்லை. ஏகவள்ளியின் நிழல் துடித்துக்கொண்டே இருந்தது, அவள் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. தேய்பிறை, நான் பேசக் கூடாது. கஸ்தூரி பேசலாம், ஆனால் அவர்களுக்குள் குடத்துத் தண்ணீர் விஷயமாக வேறு ஒரு சண்டை. கஸ்தூரி முகத்தைத் திருப்பிக்கொண்டு விளக்குக் கம்பத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"இன்னா பொம்பளையோ. விழுந்து தொலைச்சா யாரு தூக்கிக்கினு போறது? குடுக்கச் சொல்லு இங்க."

சொல்லிவிட்டு, இறுக்கி ஊன்றியிருந்த தன் வலது காலைக் கொஞ்சம் தளர்த்தினாள். அவ்வளவுதான். ஏகவள்ளியின் நிழல் நடுக்கம் நின்று மெல்ல மேற்கே நீண்டு படுத்தது, கஸ்தூரியின் நிழல் காலடிக்கு ஓடிவந்து துடிக்கத் தொடங்கியது.

கடை வாசலில் நின்றவர்களெல்லாம் குனிந்து பார்த்தார்கள். அதுவரைக்கும் துடிப்பு ஒருத்தருக்கு வந்தால் அவருக்கே என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்துக் கஸ்தூரிக்குக் கால் வலிக்க, நான் என் காலைத் தளர்த்தி வாங்கிக்கொண்டேன். எனக்கு வலிக்க, ஏகவள்ளி திரும்ப வாங்கிக்கொண்டாள். அந்த முக்கோணத்தில் துடிப்பு இல்லாமல் போகவேயில்லை, ஆனால் யார் மேலேயும் தங்கவும் இல்லை.

அந்தச் சேதி மண்ணெண்ணெய் வீடு போய்ச் சேருவதற்கு முன்னால் மூன்று தெருவுக்கும் போய்விட்டது. அப்புறம் எங்கள் ஊர் வேறு ஊராக ஆயிற்று. மீன் ஏலத்தில், கருவாடு காயவைக்கிற மணலில், உப்புப் பாத்தி வரப்பில், எங்கே மூன்று பேர் கூடினாலும் "எங்கிட்ட குடு", "போதும், இப்ப இப்படி வரட்டும்", "நேத்து நீ வெச்சிருந்தியே, இன்னிக்கு நான்" என்று வெற்றிலைப் பெட்டி கைமாறுகிற மாதிரி துடிப்பு கைமாறியது. பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கொடுப்பதில்லை. துக்க வீட்டுக்காரர்களுக்குக் கொடுப்பதில்லை. விருந்தாளிக்கு முதலில் கொடுத்து, பதறுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, உடனே வாங்கிக்கொள்வோம். யாருக்கு யார் கொடுத்தார்கள் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை, ஆனாலும் ஒருத்தருக்கும் பாரம் கூடிவிடவில்லை.

ஊரிலேயே வாங்காதவர் ஒரே ஒருத்தர், எங்கள் நாட்டார் பலராமன். ஊர்த் தலைவர் நிழல் துடித்தால் ஊருக்கு என்ன மரியாதை என்று, அவர் எங்கே போனாலும் ஒற்றை ஆளை மட்டும் கூட்டிக்கொண்டு போவார்.

இது இப்படி இருக்க, வட்டக் கட்டடத்தில் சுகந்திக்கு நெருக்கடி வந்தது. எவ்வளவு குளிரூட்டியும் அவள் கல் அடங்கவில்லை, புள்ளி விழவில்லை. அதைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள், மகிழ்ச்சியாகச் சொன்னாள். மேலே இருக்கிறவர்கள் நம்பவில்லை. டெல்லியில் பெரிய சார் ஒருத்தர், ரங்கபாஷ்யம் என்று பெயர், அவளைத் தன் மகள் மாதிரி நினைக்கிறவர்தான், அவரே சொல்லிவிட்டார்: "எதுவும் குளிர்ந்தால் உட்காரும் அம்மா, நீ இன்னும் போதுமான அளவு குளிரவைக்கவில்லை. இன்னும் கீழே இறக்கிப் பார்ப்போம், நானே வருகிறேன். உட்கார்ந்துவிட்டால் இந்தக் கல்லை மூடிவைத்துவிட வேண்டியதுதான்." கல்லை மூடிவைத்தால் சுகந்தியையும் பெயர்த்து, வடக்கே ராஜஸ்தானில் ஏதோ ஓர் ஊரில் நாற்காலி வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். இத்தனை வருஷ உழைப்பும் அந்த ஒரு நாளை நம்பி நின்றது.

"பயமா இருக்குதா?" என்று கேட்டேன்.

"கல்லு மேல பயம் இல்ல மாமா. அது நம்ம வீட்டுக் கல்லு" என்றாள். ஆனால் அன்றைக்குச் சாக்கில் உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தாள்.

டெல்லிக்காரர்கள் வருகிற சேதி தெரிந்ததும் நாட்டார் மூன்று தெருவையும் கூட்டினார். "நம்ம பொண்ணு மானம் இதுல இருக்குது. அவங்க கார் முக்கூட்டைத் தாண்டித்தான் போகணும், தாண்டித்தான் திரும்பணும். நாம அங்கங்க கும்பல் கும்பலா நின்னுக்கினு, நிழலு துடிக்க, அத நீ வெச்சுக்கோ நான் வெச்சுக்கறேன்னு பேசிக்கினு இருந்தா, இன்னா நெனைப்பாங்க? இது ஒரு ஊரு, இதுல ஒரு பொண்ணு, அது ஒரு கல்லுன்னு நெனைக்க மாட்டாங்க?" என்றார். எங்களுக்கும் அது சரியென்றே பட்டது. எங்கள் பெண்ணுக்காக ஒரு நாள் ஒழுங்காக நிற்க மாட்டோமா?

அப்படித்தான் அந்தக் காரியத்தைச் செய்தோம். விடிந்ததும் குளித்து, வெளுத்த துணி உடுத்தி, ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கயிறு பிடித்த மாதிரி வரிசையாக நின்றோம். எங்கேயும் வளைவு கிடையாது, எங்கேயும் மூன்று பேர் முட்டுகிற இடம் கிடையாது. ஒரு நிழல் இந்தப் பக்கம், ஒரு நிழல் அந்தப் பக்கம், ஊர் முழுக்க ஒரு சின்ன அசைவுகூட இல்லை. விருந்தாளிக் கண்ணில் இரண்டு கதவும் பட வேண்டாம் என்று, இரட்டைக் கதவு வீட்டின் மேற்குக் கதவில் குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்தார்கள். ஏகவள்ளி கிழக்கு வாசலுக்கு மட்டும் தண்ணீர் தெளித்துவிட்டு வரிசைக்கு வந்தாள். கார் வந்தது, உள்ளேயிருந்து பெரிய சார் எங்களைப் பார்த்துக் கைகூப்பினார், போய்விட்டது. திரும்பி வருகிற வரைக்கும் கலையக் கூடாது என்றார் நாட்டார். வெயிலில் நின்றோம். உண்மையைச் சொன்னால், எங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இவ்வளவு அழகாக நாங்கள் என்றைக்கும் நின்றதில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சவுக்குத் தோப்பு வழியாகச் சுகந்தி தனியாக நடந்து வந்தாள். கழுத்தில் அட்டை திரும்பிக் கிடந்தது. என் எதிரே வந்து நின்றாள்.

"உறைஞ்சுபோச்சு, மாமா."

"எது?"

"கல்லு. காலையிலிருந்து புள்ளி புள்ளியா விழுது. இதுவரைக்கும் அப்படி விழுந்ததே இல்ல. சாப்பிட்டு வந்து இன்னொரு தடவை பார்த்துட்டு மூடிடலாம்னுட்டாரு சார்."

சொல்லிக்கொண்டே எங்கள் வரிசையைப் பார்த்தாள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தாள். சீப்புப் பல் மாதிரி, அசையாமல் கிடந்த நிழல்களைப் பார்த்தாள். பிறகு அவள் கண் அவள் வீட்டுக்குப் போயிற்று, மேற்குக் கதவுக்கு, குறுக்குப் பலகைக்கு.

"யாரு ஆணி அடிச்சது?" என்றாள். அவள் சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சின்னப் பிள்ளையில் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு கேட்ட அதே குரலில் கேட்டாள்.

நாட்டார் தொண்டையைக் கனைத்தார். "உனக்காகத்தான் கண்ணு..."

அவர் முடிப்பதற்கு முன்னால் வரிசையிலிருந்து ஓர் ஆள் வெளியே வந்தது. கஸ்தூரி. வெளுத்த சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, ரோட்டுக்குக் குறுக்கே நடந்து, எனக்கும் பக்கத்தில் நின்ற ஏகவள்ளிக்கும் எதிரில் முக்கோணமாக வந்து கால் ஊன்றி நின்றாள். அவள் நிழல் காலடிக்குச் சுருண்டு வந்து துடித்தது.

"இன்னா பார்க்கிறீங்க? நம்மளப் பார்த்துத்தான் கல்லும் உறைஞ்சுக்கிச்சு. ஒழுங்கா நின்னு கிழிச்சது போதும்" என்று வரிசையைப் பார்த்துக் கத்தினாள். "பொண்ணு பொழைப்பு போவுது, இவுங்களுக்கு மானம் வோணுமாம் மானம். வாங்கடா!"

ஏகவள்ளி நேராக, ஓரமாக நிறுத்தியிருந்த என் ஐஸ் வண்டிக்குப் போய், ஐஸ் கட்டி இழுக்கிற இரும்புக் கொக்கியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பலகை பிளந்து விழுகிற சத்தம் கடல் வரைக்கும் கேட்டிருக்கும். மேற்குக் கதவைத் திறந்தாள். கிழக்குக் கதவைச் சாத்தவில்லை. அந்த வீடு கட்டின நாளிலிருந்து இரண்டு கதவும் ஒன்றாகத் திறந்திருந்தது அன்றைக்குத்தான். கடல் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போயிற்று.

அப்புறம் வரிசை என்று ஒன்று இல்லை. கடல் தெருக்காரனும் உப்புத் தெருக்காரியும் ஓடைத் தெருக்காரனும், பேசுகிறவர்களும் பேசாதவர்களும், மூன்று மூன்றாக, அந்த மூன்றில் ஒருவர் இன்னொரு மூன்றுக்கும் ஒருவராக, முக்கோணத்தோடு முக்கோணம் ஒட்டிக்கொண்டு, வலைக் கண்ணோடு வலைக் கண் கோத்த மாதிரி, ரோடு, மணல், உப்பள வரப்பு எல்லாம் நிறைந்து நின்றோம். துடிப்பு எங்கள் காலடியில் ஓடத் தொடங்கியது. "குடு", "இந்தா", "இப்படி விடு", "அவருக்கு வலிக்குது, நான் வாங்கிக்கறேன்" என்று அது ஓரிடத்திலும் நிற்காமல், மீன் கூட்டம் திரும்புகிற மாதிரி மினுங்கிக்கொண்டே, ஓடைத் தெருவில் மறைந்து கடல் தெருவில் எழுந்து, சாயங்காலம் வரைக்கும் சுற்றியது. நடுவில் ஒரு தடவை அது நாட்டார் பலராமனிடம் வந்தது. அவருக்கு எப்படி வாங்குவது என்றே தெரியவில்லை.

"காலை இளக்கு அண்ணே" என்றேன்.

இளக்கினார். அவர் கண் விரிந்துபோயிற்று. "அடேய்" என்றார் மெதுவாக. "உயிரோட இருக்குதுடா இது." பக்கத்து ஆள் கேட்டும் அவர் கொஞ்ச நேரம் கொடுக்கவில்லை.

சுகந்தி திரும்பிப் போன பிறகு வட்டக் கட்டடத்துக்குள் என்ன நடந்தது என்று பின்னால் அவள் சொல்லித்தான் தெரியும். சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடியும் பார்த்திருக்கிறார்கள். குளிரை இறக்கினார்கள், இன்னும் இறக்கினார்கள், அதற்குக் கீழே குளிர் என்று ஒன்று பாக்கியில்லை என்கிற மட்டும் இறக்கினார்கள். புள்ளிகள் முதலில் ஓரம் மங்கின, பிறகு கரைந்தன, பிறகு பனிமூட்டம் மாதிரி திரை முழுக்கப் பரந்தன. அத்தனை குளிரிலும் அந்தக் கல்லுக்குள்ளே ஓர் ஊசிகூட உட்காரவில்லை. மறுபடி பார்த்தார்கள், மறுபடியும் அதேதான். பெரிய சார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தாராம். பிறகு எழுந்து காரைக் கூப்பிடாமல் நடந்து வந்தார்.

வெயில் சாய்ந்த நேரம். அவர் சுகந்தியோடு தோப்பைத் தாண்டி முக்கூட்டுக்கு வந்து, எங்கள் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே வந்து, எனக்கும் கஸ்தூரிக்கும் நடுவில் காலியாக இருந்த இடத்தில் தெரியாமல் நின்றுவிட்டார். அவர் நிழல் சுருண்டு துடித்தது. குனிந்து பார்த்தார். பாவம், வயதானவர், தடுமாறிவிட்டார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இது எப்போது நிற்கும்?" என்று கேட்டார்.

"நிக்காது சார்" என்றாள் கஸ்தூரி. "கனமா இருந்தா இப்படிக் குடுங்க. நான் கொஞ்ச நேரம் வெச்சுக்கறேன்."

கொடுத்தார். அவள் காலை இளக்க, அவர் நிழல் நிமிர்ந்து கிழக்கே படுத்தது. அவர் சுகந்தியைப் பார்த்தார். "இத்தனை நாள் நீ எனக்கு இதைச் சொல்லவில்லையே அம்மா" என்றார்.

"சொன்னேன் சார்" என்றாள் அவள். "கல்லுன்னு சொன்னேன்."

சுகந்தி ராஜஸ்தானுக்குப் போகவில்லை. இப்போது அவள் கல்லைப் பார்க்க எந்தெந்தத் தேசத்திலிருந்தோ வருகிறார்கள். முதலில் வட்டக் கட்டடத்துக்குப் போய்க் கல்லைப் பார்த்துவிட்டு, பிறகு எங்கள் தெருவுக்கு வந்து எங்களைப் பார்க்கிறார்கள். காரில் வந்தாலும் இறங்கி நடக்கச் சொல்கிறோம். யாரையும் வரவேற்க நாங்கள் வரிசையில் நிற்பதில்லை.

வழக்கத்தை நாங்கள் விட்டுவிடவில்லை, பெரியவர்கள் வைத்தது, இருக்கட்டும். ஆனால் அந்த அமாவாசைக்கு நான் என் வீட்டு மேற்குச் சுவரை இடித்து ஒரு கதவு வைத்தேன். அடுத்த பௌர்ணமிக்குக் கஸ்தூரி கிழக்கே ஒன்று வைத்தாள். பார்த்துப் பார்த்து மூன்று தெருவிலும் வைத்தார்கள்; இப்போது எங்கள் ஊரில் ஒற்றைக் கதவு வீடு என்று ஒன்று கிடையாது, யார் முறை வருகிறதோ அவர்கள் திறந்து மூடிக்கொள்கிறோம். என் புதுக் கதவு வழியாக முதன்முதலில் உள்ளே வந்தவள் ஏகவள்ளி, ஒரு தேய்பிறை நாளில். கூடை நிறைய வஞ்சிரம் வைத்துக்கொண்டு, "அண்ணே, ஒரு துண்டு ஐஸ் குடு" என்றாள். நான் உடைத்துக் கொடுத்தேன்.

அதனால் நம்பாதவர்கள் வரட்டும். நிழல் நீளுகிற நேரமாகப் பார்த்து இரண்டு பேராக வந்தால் போதும். மூன்றாவதாக நிற்க எங்கள் ஊரில் ஆள் உண்டு.